அதிகாரப் பரவலாக்கத்தை நாடுகளுக்கிடையே அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உலகிலேயே அதிகாரம் அதிகம் பரவலான நாடு எது?" என்று கேட்டால், கையில் எந்த அளவுகோல் இருக்கிறதோ அதற்கேற்பப் பதில் மாறும். ஆய்வு மாணவர்கள், பத்திரிகையாளர்கள், கொள்கை வகுப்பவர்கள் எல்லோருமே ஒரு தரவு அட்டவணையை இறக்கி, அதில் ஒரு பத்தியை எடுத்து, "இதுதான் பரவலாக்கம்" என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பத்தியில் இருக்கும் எண் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத்தான் இந்தப் பக்கத்தில் பார்க்கப்போகிறோம்.

பரவலாக்கம் என்றால் சரியாக எதை அளக்கிறார்கள்?

வழக்கமாக மூன்றாகப் பிரிப்பார்கள். அரசியல் பரவலாக்கம்: மாநிலத்தை, மாவட்டத்தை, நகராட்சியை ஆள்பவரை அங்குள்ள மக்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, மேலிருந்து நியமிக்கிறார்களா? நிர்வாகப் பரவலாக்கம்: பள்ளியை, மருத்துவமனையை, குடிநீரை நடத்துவது யார், அங்கே வேலை செய்பவரை நியமிப்பதும் நீக்குவதும் யார்? நிதிப் பரவலாக்கம்: வரி விதிப்பது யார், செலவை முடிவு செய்வது யார், கடன் வாங்கலாமா?

இந்த மூன்றும் ஒன்றாக நகர்வதில்லை. சீனாவைப் பாருங்கள். மொத்த அரசுச் செலவில் ஏறத்தாழ 85 சதவீதம் மத்திய அரசுக்குக் கீழே உள்ள மட்டங்களின் கணக்கில் நடக்கிறது. நிதிக் கண்ணாடியில் பார்த்தால் உலகிலேயே உச்சத்தில் இருக்கும் நாடுகளில் ஒன்று. ஆனால் மாகாண ஆளுநரையும் கட்சிச் செயலாளரையும் முடிவு செய்வது மேலிடம். முக்கிய வரிகளின் விகிதத்தை வகுப்பதும் மேலிடம்தான். ஒரே நாடு ஒரு பத்தியில் முதலிடத்துக்கு அருகிலும் இன்னொன்றில் கடைசிக்கு அருகிலும் வரும். இரண்டிலும் தவறில்லை, இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன.

செலவுப் பங்கைப் பார்த்தால் போதாதா? எல்லோரும் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள்?

பயன்படுத்துவதற்குக் காரணம், அது எளிதாகக் கிடைப்பதுதான். பன்னாட்டு நாணய நிதியத்தின் அரசு நிதிப் புள்ளிவிவரத்திலும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் நிதிப் பரவலாக்கத் தரவிலும் பல நாடுகளுக்கு, பல ஆண்டுகளுக்கு இருக்கிறது. மாநில, உள்ளாட்சிச் செலவை மொத்த அரசுச் செலவால் வகுத்தால் ஒரு சதவீதம் வந்துவிடும்.

அந்தச் சதவீதம் சொல்வது, பணம் கடைசியாக யார் கணக்கிலிருந்து வெளியே போனது என்பதை மட்டும்தான். வங்கிக் காசாளர் கையில் நாள் முழுக்கப் பணம் புழங்கும், அதற்காக அவரைப் பணக்காரர் என்று சொல்லமாட்டோம். டென்மார்க்கில் மொத்தச் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு உள்ளூர் மட்டத்தில் நடக்கிறது. அங்கே நகராட்சிகளுக்கு உண்மையான அதிகாரம் உண்டு, வருமான வரி விகிதத்தையே அவை வைக்கின்றன. ஆனாலும் அந்த மூன்றில் இரண்டு பங்குக்குள், நாடாளுமன்றம் விதி எழுதி, தொகையை முடிவு செய்து, நகராட்சிக் கணக்கு வழியாகப் போகும் உதவித்தொகைகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் நகராட்சி ஒரு காசைக்கூட மாற்ற முடியாது.

செலவுப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு "இந்த நாட்டில் அதிகாரம் மக்களுக்கு அருகில் இருக்கிறது" என்று எழுதுவதை ஏற்க முடியாது. பணம் போகும் பாதையைத்தான் அது காட்டுகிறது, முடிவெடுத்தது யார் என்பதைக் காட்டவில்லை.

அப்படியானால் வருவாய்ப் பங்கு சரியாக இருக்குமா?

ஓரளவு மேல், ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு வரி உள்ளாட்சியின் வருவாய் என்று கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அதன் விகிதத்தை உள்ளாட்சி வைத்ததா, மத்திய அரசு வசூலித்துச் சூத்திரப்படி பிரித்துக் கொடுத்ததா என்பது அந்த எண்ணில் தெரியாது.

ஸ்வீடனையும் ஜெர்மனியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்வீடன் ஒற்றையாட்சி நாடு. அங்கே 290 நகராட்சிகளும் 21 பிராந்தியங்களும் தங்கள் வருமான வரி விகிதத்தைத் தாங்களே தீர்மானிக்கின்றன. இரண்டையும் கூட்டினால் சராசரி ஏறக்குறைய 32 சதவீதம். ஜெர்மனி கூட்டாட்சி. அதன் மாநிலங்களுக்கு வருமான வரியிலும் மதிப்புக்கூட்டு வரியிலும் பெரிய பங்கு வருகிறது, ஆனால் விகிதத்தை எந்த மாநிலமும் தனியாக மாற்ற முடியாது. 2006-லிருந்து சொத்து வாங்கும்போது கட்டும் வரியின் விகிதத்தை மட்டும் மாநிலங்கள் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் உள்ளூரில் விகிதம் வைக்கும் உரிமை நகராட்சிகளிடம்தான் கொஞ்சம் இருக்கிறது: தொழில் வரியிலும் நிலவரியிலும்.

இந்தச் சிக்கலுக்காகத்தான் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1999-ல் உள்ளூர் வரிகளை வகை பிரித்தது. எதன்மீது வரி, எவ்வளவு வரி இரண்டையும் உள்ளூர் அரசே முடிவு செய்யும் வரிகள் ஒரு முனை. இரண்டையும் மத்திய அரசே முடிவு செய்யும் வரிகள் மறுமுனை. நடுவில் விகிதம் மட்டும், வரித்தளம் (எதன்மீது வரி என்பது) மட்டும், பங்கீட்டு வரி என்று படிகள். வருவாய்ப் பங்கைப் பயன்படுத்துபவர் இந்த வகைப்பிரிப்போடு சேர்த்துப் பயன்படுத்தினால் பாதிப் பிழை குறைந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி, ஒரு கற்பனை நாடு. மொத்த அரசுச் செலவு 100, மொத்த வருவாயும் 100. மத்திய அரசு நேரடியாகச் செலவிடுவது 55, நகராட்சிகள் செலவிடுவது 45. அந்த 45 எங்கிருந்து வருகிறது? 27 மத்திய மானியம். 12 மத்திய அரசு வசூலித்துப் பங்கிட்டுத் தரும் வரி. மீதி 6 மட்டும்தான் நகராட்சி தானே விகிதம் வைத்து வாங்கும் வரி. அப்புறம் இன்னொரு விவரம்: மானியம் 27-ல் 20 ஆசிரியர் சம்பளம், எத்தனை ஆசிரியர், என்ன சம்பளம் என்பதை மத்திய அமைச்சகம் முடிவு செய்கிறது.

செலவுப் பங்கு 45 சதவீதம். சம்பளத்தைக் கழித்துவிட்டு, நகராட்சி தன் விருப்பப்படி செலவிடக்கூடியதை மட்டும் எடுத்தால் 25. வருவாய்ப் பங்கு 18. சொந்த வரிப் பங்கு 6. ஒரே நாடு, ஒரே ஆண்டு, நான்கு விடைகள்.

ஐந்தாவதாக ஒரு தவறான விடையும் அடிக்கடி வரும். மானியத்தை மத்திய அரசின் செலவாகவும் எழுதி, அதே பணத்தை நகராட்சியின் செலவாகவும் எழுதிவிட்டால் மொத்தம் 127 ஆகிவிடும். 45-ஐ அதனால் வகுத்தால் 35 சதவீதம்தான் வரும். இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது ஒன்றில் மானியம் கழிக்கப்பட்டும் மற்றதில் கழிக்கப்படாமலும் இருந்தால், அந்த ஒப்பீட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

வகுக்கும் எண்ணிலும் கவனம் தேவை. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவற்றைத் தனிச் சமூகப் பாதுகாப்பு நிதியங்கள் நடத்தும் நாடுகளில், அவற்றைச் சேர்த்தால் உள்ளூர்ப் பங்கு சுருங்கும், விட்டால் பெருகும். பிரான்ஸில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. பாதுகாப்புச் செலவும் கடன் வட்டியும் அப்படியே.

அதிகாரத்தை நேரடியாக அளக்கும் குறியீடு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அவற்றில் முக்கியமானது பிராந்திய அதிகாரக் குறியீடு. லீஸ்பெத் ஹூகே, கேரி மார்க்ஸ் ஆகியோரின் குழு உருவாக்கியது. முதலில் 42 நாடுகளுக்கும் பிறகு 81 நாடுகளுக்கும் 1950-லிருந்து ஆண்டுவாரியாக மதிப்பெண் கொடுத்தார்கள். பணத்தை எண்ணாமல், சட்டத்தையும் அரசியலமைப்பையும் படித்து மதிப்பெண் போடுகிறார்கள்.

இரண்டு பகுதிகள். முதல் பகுதி தன்னாட்சி: ஒரு பிராந்தியம் தன் எல்லைக்குள் என்ன செய்யலாம்? நிறுவன ஆழம் (பிராந்திய அரசு எவ்வளவு தனித்து இயங்குகிறது என்பது), கொள்கைப் பரப்பு, வரி உரிமை, கடன் உரிமை, தேர்ந்தெடுத்த பேரவையும் ஆட்சியும் என்று ஐந்து கூறுகள், அதிகபட்சம் 18. இரண்டாம் பகுதி பங்காட்சி: நாடு முழுவதற்குமான முடிவுகளில் பிராந்தியங்களுக்கு என்ன குரல்? தேசியச் சட்டம், தேசிய ஆட்சி, வரிப் பங்கீடு, கடன் விதிகள், அரசியலமைப்புத் திருத்தம் என்று இன்னும் ஐந்து, அதிகபட்சம் 12. ஆக மொத்தம் 30.

ஒரு கூறை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். வரி உரிமைக்கு 0 முதல் 4. எல்லா வரிகளின் தளத்தையும் விகிதத்தையும் மத்திய அரசே வைத்தால் 0. சிறு வரிகளின் விகிதத்தை மட்டும் பிராந்தியம் வைத்தால் 1. சிறு வரிகளின் தளம், விகிதம் இரண்டையும் வைத்தால் 2. தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, விற்பனை வரி அல்லது மதிப்புக்கூட்டு வரி ஆகிய பெரிய வரிகளில் ஒன்றின் விகிதத்தையாவது வைத்தால் 3. அதன் தளத்தையும் சேர்த்து வைத்தால் 4. எவ்வளவு பணம் வசூலானது என்ற கேள்வியே இங்கே இல்லை. முடிவு யாருடையது என்பது மட்டும்தான்.

இரண்டு பகுதிகளாகப் பிரித்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். கனடாவின் மாகாணங்களுக்குத் தங்கள் எல்லைக்குள் அதிகாரம் மிக அதிகம். ஆனால் செனட் உறுப்பினர்கள் பிரதமரின் பரிந்துரைப்படி நியமிக்கப்படுகிறார்கள், மாகாண அரசுகளுக்கு அங்கே இடமில்லை. ஜெர்மனியில் இது தலைகீழ். மாநிலத்துக்கு வரி விகிதம் வைக்கும் உரிமை குறைவு. ஆனால் கூட்டாட்சி மேலவையில் மாநில அரசுகளே உட்கார்ந்திருக்கின்றன, அங்கே மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் அரசியலமைப்பைத் திருத்த முடியாது. நிதித் தரவு எதிலும் இது தெரியாது.

இந்தக் குறியீட்டில் விடுபடுவது என்ன?

பிராந்தியம் என்று கணக்கில் வர, அந்த மட்டத்தின் சராசரி மக்கள்தொகை 1,50,000 ஆவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள நகராட்சி மட்டம் பொதுவாக வராது. இதன் விளைவை டென்மார்க்கில் பார்க்கலாம். 2007-ல் அங்கே 14 மாவட்டங்களைக் கலைத்து 5 பிராந்தியங்கள் ஆக்கினார்கள். 271 நகராட்சிகளை 98 ஆக இணைத்தார்கள். பழைய மாவட்டங்களுக்கு வருமான வரி விகிதம் வைக்கும் உரிமை இருந்தது, புதிய பிராந்தியங்களுக்கு எந்த வரி உரிமையும் இல்லை. ஆகவே இந்தக் குறியீட்டில் டென்மார்க் இறங்குகிறது. நகராட்சிகள் வலுவானது அதில் பதிவாகாது.

நகராட்சிகளுக்கு என்று தனிக் குறியீடு உண்டா?

உண்டு, உள்ளூர்த் தன்னாட்சிக் குறியீடு. ஆந்த்ரேயாஸ் லாட்னர் தலைமையிலான குழு முதலில் 39 ஐரோப்பிய நாடுகளுக்கு, 1990 முதல் 2014 வரை தயாரித்தது. பிறகு நாடுகளும் ஆண்டுகளும் கூடின. 11 கேள்விகளுக்கு அந்தந்த நாட்டு வல்லுநர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு துறையை நகராட்சி நடத்துகிறதா என்பது ஒரு கேள்வி. அந்தத் துறையில் நகராட்சி முடிவெடுக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. பள்ளிக் கட்டிடத்துக்கு வெள்ளையடிப்பது நகராட்சி, பாடத்திட்டமும் ஆசிரியர் நியமனமும் அமைச்சகம் என்றால், முதல் கேள்வியில் மதிப்பெண் வரும், இரண்டாவதில் வராது. ஸ்விட்சர்லாந்தும் நார்டிக் நாடுகளும் இதில் மேலே நிற்கின்றன.

கூட்டாட்சி நாடு என்றாலே பரவலாக்கம் அதிகம்தானே?

இல்லை. கூட்டாட்சி என்பது மாநிலங்களுக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு இருக்கிறது என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆஸ்திரியா கூட்டாட்சி, வரி அதிகாரம் பெரும்பாலும் மத்தியில் குவிந்திருக்கிறது. ஸ்வீடனும் டென்மார்க்கும் ஒற்றையாட்சி. உள்ளூர் வரி உரிமை அங்கே அதைவிட மிக வலுவானது. மலேசியாவும் கூட்டாட்சிதான். அங்கே உள்ளாட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டது. பிறகு 1976 உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைப்படுத்தியது. நகராட்சி உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. கூட்டாட்சியா என்பதற்கு 1 அல்லது 0 போடும் பழைய ஆய்வுகளில் மலேசியா 1 வாங்கிவிடும்.

சட்டத்தில் இருப்பதற்கும் நடப்பதற்கும் இடைவெளி இருந்தால் குறியீடு என்ன செய்யும்?

சட்டத்தைப் படித்து மதிப்பெண் போடும் எந்தக் குறியீட்டுக்கும் இதுதான் பெரிய சோதனை. இலங்கையின் 13-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1987-ல் வந்தது, மாகாண சபைகள் அதிலிருந்து பிறந்தன. காணி, காவல்துறை அதிகாரங்கள் எழுத்தில் இருந்தும் நடைமுறையில் மாகாணங்களின் கைக்கு முழுமையாக வரவில்லை. 2014-ல் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்தது. 2019-க்குள் எல்லா மாகாண சபைகளின் பதவிக்காலமும் முடிந்துபோனது. அடுத்து வந்த ஆண்டுகளில் தேர்தல் இல்லை. குடியரசுத் தலைவர் நியமித்த ஆளுநர்களே மாகாண நிர்வாகத்தை நடத்தினார்கள். திருத்தம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. எழுத்தை மட்டும் படிப்பவர் மாகாணத்துக்குத் தேர்ந்தெடுத்த பேரவை உண்டு என்று குறிப்பார். வாக்களிக்கக் காத்திருந்த மக்களுக்கு அந்த மதிப்பெண்ணால் என்ன பயன்?

இதற்கு மாற்றாக, உலக நாடுகளின் ஜனநாயகத்தை அளக்கும் வி-டெம் (V-Dem) ஆய்வுத் திட்டத்தின் உள்ளாட்சிக் குறியீடும் பிராந்திய அரசுக் குறியீடும் உதவும். தேர்ந்தெடுத்த உள்ளாட்சி இருக்கிறதா, தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரிகளின் தலையீடு இல்லாமல் அது இயங்க முடிகிறதா என்று வல்லுநர்களிடம் கேட்கிறார்கள். வல்லுநர் மதிப்பீடு என்பதால் கருத்து வேறுபாடு இருக்கும். ஆனால் காகிதத்துக்கும் களத்துக்கும் இடையிலான இடைவெளி இதில் ஓரளவு பிடிபடும்.

ஒரே நாட்டுக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு அளவு அதிகாரம் இருந்தால்?

சராசரி எடுத்தால் யாருக்குமே பொருந்தாத ஓர் எண் வரும். ஸ்காட்லாந்துக்கு 1999-லிருந்து தனி நாடாளுமன்றம் இருக்கிறது. பிரிட்டனின் மக்களில் பெரும்பகுதி வாழும் இங்கிலாந்துக்கு அப்படி ஒன்று இல்லை. ஸ்பெயினில் பாஸ்க் பகுதியும் நவாராவும் முக்கிய வரிகளைத் தாங்களே வசூலித்து, மத்திய அரசுக்கு ஒரு தொகையைக் கட்டுகின்றன. மற்றப் பிராந்தியங்களில் பாதை நேரெதிர். இந்தியாவில் 1992-ல் நிறைவேறிய 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. ஆனால் பதினோராம் அட்டவணையின் 29 துறைகளில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது. அதனால் இந்திய ஊராட்சிகளுக்கு என்று ஒரே தேசிய எண் போடுவது வீண் வேலை.

பிராந்திய அதிகாரக் குறியீடு தனி உரிமை பெற்ற பகுதிகளுக்குத் தனியாக மதிப்பெண் போட்டு, மக்கள்தொகைப்படி எடை கொடுத்துச் சேர்க்கிறது. நாட்டு மதிப்பெண்ணை விட்டுவிட்டு அந்தப் பகுதிவாரி மதிப்பெண்களை எடுத்துப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உள்ளாட்சிகளின் எண்ணிக்கை அதிகம் என்றால் பரவலாக்கம் அதிகமா?

கிடையாது. பிரான்ஸில் ஏறத்தாழ 35,000 கம்யூன்கள், அதாவது அடிமட்ட உள்ளாட்சிகள். டென்மார்க்கில் 98 நகராட்சிகள். அதிகாரம் எங்கே அதிகம் என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரியும்.

காலப்போக்கில் வரும் மாற்றத்தை இந்த எண்கள் சரியாகக் காட்டுமா?

பண எண்கள் பெரும்பாலும் ஏமாற்றும். ஜப்பானில் நெடுங்காலமாக ஒரு கணக்கு சொல்வார்கள்: பத்துப் பங்கு வரியில் மத்திய அரசு 6, உள்ளூர் 4, பத்துப் பங்கு செலவில் மத்திய அரசு 4, உள்ளூர் 6. செலவைப் பார்த்து மகிழ்ந்தால், அந்தச் செலவில் பெரும்பகுதியில் மாகாண ஆளுநரையும் மேயரையும் மத்திய அமைச்சகத்தின் முகவர்களாக நடத்தும் முறை இருந்தது தெரியாமல் போகும். 2000-ல் அந்த முறையை ஒழித்தார்கள். சட்டப்படி பெரிய மாற்றம் அது, ஆனால் செலவுப் பங்கு அதற்காகத் துள்ளவில்லை.

பிரான்ஸில் இரண்டு திசையிலும் இது நடந்தது. 1982 மார்ச்சில் வந்த சட்டம், மாவட்ட நிர்வாகத்தை மத்திய அரசின் பிரதிநிதியான பிரெஃபெயிடமிருந்து எடுத்து, தேர்ந்தெடுத்த மன்றத்தின் தலைவரிடம் கொடுத்தது. உள்ளாட்சி முடிவுகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கும் முறையும் போனது. பிற்காலத்தில் எதிர்த்திசை. முதன்மை வீடுகளுக்கான குடியிருப்பு வரி படிப்படியாகக் குறைந்து 2023-ல் முற்றாக நீங்கியது. 2021-ல் மாவட்டங்களின் நிலவரியைக் கம்யூன்களுக்கு மாற்றி, மாவட்டங்களுக்கு அதற்குப் பதில் மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். வருவாய் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் நிலவரி விகிதத்தை ஏற்றவோ இறக்கவோ இருந்த உரிமை போய்விட்டது. வருவாய்ப் பங்கு இதைக் கவனிக்கவே கவனிக்காது. வரி உரிமைக்கு மதிப்பெண் போடுபவர் உடனே கவனிப்பார்.

எந்த அளவை எடுக்கிறோம் என்பதால் ஆய்வின் முடிவே மாறுமா?

மாறும், மாறியிருக்கிறது. பரவலாக்கம் அரசின் மொத்த அளவைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் வாலஸ் ஓட்ஸ் நிதிப் பங்குகளை வைத்துத் தேடியபோது வலுவான தொடர்பு கிடைக்கவில்லை. 2003-ல் ஜோனதன் ராடன், உள்ளூர்ச் செலவு மானியத்தில் நடக்கிறதா, சொந்த வரியில் நடக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார். மானியத்தில் நடந்தால் அரசு வேகமாக வளர்கிறது, சொந்த வரியில் நடந்தால் வளர்ச்சி மெதுவாக இருக்கிறது என்று கண்டார். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்கினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

ஊழல் பற்றிய ஆய்வுகளும் அப்படித்தான். 2000-ல் டேனியல் ட்ரெய்ஸ்மன் கூட்டாட்சி நாடுகளில் ஊழல் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்னார். 2002-ல் ரேமண்ட் ஃபிஸ்மனும் ராபர்ட்டா கட்டியும் செலவுப் பங்கு அதிகமுள்ள நாடுகளில் ஊழல் குறைவு என்றார்கள். அளவுகோலையும் மாதிரியையும் பார்க்காமல் இந்த இரண்டையும் மோதவிடுவதில் பொருளில்லை.

ஏழை நாடுகளுக்கும் தரவு கிடைக்குமா?

முன்பைவிடப் பரவாயில்லை. உள்ளாட்சி நிதி பற்றிய உலகக் கண்காணிப்பகத்தின் 2022 பதிப்பு 135 நாடுகளைத் தொட்டது. ஆனால் விவரமான வரி வகைப்பிரிப்பு பெரும்பாலும் பணக்கார நாடுகளுக்குத்தான் இருக்கிறது. உள்ளாட்சிக் கணக்குகளைத் தொகுக்காத நாடுகள் தரவில் விடுபட்டுப்போகும். பல சமயம் அவைதான் அதிகாரம் மிகக் குவிந்த நாடுகள். அந்தக் காலி இடங்களை நிரப்பாமல் போடும் உலகச் சராசரியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

மதிப்பெண் அதிகம் என்றால் நல்லாட்சி என்று கொள்ளலாமா?

கூடாது. எந்தக் குறியீடும் அதைச் சொல்ல வரவில்லை. இந்தோனேசியாவில் 2001-ல் ஒரே மூச்சில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். செலவுப் பொறுப்பு கீழே இறங்கியது, சொந்த வரி வலு அதே வேகத்தில் கூடவில்லை. அதன் பலன் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி.

நேரம் குறைவு. ஒரு நாட்டைப் பற்றிச் சீக்கிரம் தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது?

முதலில், உள்ளாட்சித் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டவரா, அவரை மேலிடம் கலைக்கவோ நீக்கவோ முடியுமா, கடைசித் தேர்தல் உரிய காலத்தில் நடந்ததா என்று பாருங்கள். அடுத்து, ஏதாவது ஒரு பெரிய வரியின் விகிதத்தை அவர்கள் தாங்களாக மாற்ற முடியுமா? கடந்த சில ஆண்டுகளில் யாராவது மாற்றியிருக்கிறார்களா? உரிமை இருந்தும் யாருமே பயன்படுத்தவில்லை என்றால் ஏன் என்று தோண்டுங்கள், பெரும்பாலும் அங்கே ஓர் உச்சவரம்போ மானிய வெட்டோ ஒளிந்திருக்கும். மானியத்தில் நிபந்தனை இல்லாத பங்கு எவ்வளவு, ஆசிரியரையும் செவிலியரையும் நியமிப்பது யார் என்பது மூன்றாவது. கடன் வாங்க முன் அனுமதி வேண்டுமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு செலவுப் பங்கை எடுத்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஆண்டையும், எதை எதால் வகுத்தது என்பதையும் குறிப்பிட்டு.